தரிசு என்று எழுதியது நான்தான்

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு திமிர் உண்டு. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. வடக்கே நடந்தால் கொள்ளிடம், தெற்கே நடந்தால் காவிரி. குழாயில் தண்ணீர் வராத நாளில்கூட ‘ஆறு எங்கே ஓடிப்போயிடும்’ என்று அலட்சியமாகப் பேசுகிற ஊர். அந்தத் திமிரோடுதான், மழையை மட்டுமே நம்பியிருக்கும் மருங்காபுரிப் பக்கம் ஒரு நிலத்தைப் பார்க்கப் போனேன். அதுவும் சித்திரை மாதத்தில்.

நான் வேலை பார்ப்பது ஒரு சோலார் மின்சாரக் கம்பெனியில். புகை கிடையாது, கரி கிடையாது, வெயிலிலிருந்து கரண்ட். அதில் சுற்றுச்சூழல் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். புதிதாக ஓர் இடம் எடுக்கும் முன்னால் அங்கே போய், என்ன மரம் இருக்கிறது, என்ன பறவை வருகிறது, அந்த நிலத்தை நம்பி யார் பிழைக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்து ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். தாவரவியலில் எம்.எஸ்சி. படித்தவள். என்னைவிட்டால் இதற்கு யார் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: நிலம் இப்போது எதற்குப் பயன்படுகிறது? ‘மேய்ச்சல்’ என்று எழுதினால் கம்பெனி ஒரு பகுதியை வேலிக்கு வெளியே விட்டுவிட வேண்டும். ஆடு மாடு குளத்துக்குப் போக வழியும் விட வேண்டும். கம்பெனி தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. சும்மா சொல்லக் கூடாது, அதை மதிக்கவும் செய்தார்கள். ‘தரிசு’ என்று எழுதினால் எதையும் விட வேண்டியதில்லை.

அன்றைக்கு என் கண்ணில் பட்டதெல்லாம் செம்மண், சரளைக்கல், முள். ஒரு வேலமரத்தடியில் முப்பது ஆடுகளோடு ஓர் அம்மா நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டியிருப்பார்.

“என்னம்மா, அளக்குறீங்களா?” என்றார்.

“இல்லைங்க. என்ன செடி கொடி இருக்குன்னு பாக்க வந்தேன். ஒண்ணையும் காணோமே! ஆடு எதைத்தாங்க மேயுது?”

“இந்த வெயில்ல என்னம்மா இருக்கும்? வேல மரத்து நெத்து காஞ்சு விழுந்தா பொறுக்கித் திங்கும். ஐப்பசி மழை விழட்டும், கொழுக்கட்டைப் புல்லு முழங்கால் ஒசரம் நிக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கொழுக்கட்டையா? எங்க ஊர்ல அதை மனுஷங்கதாங்க சாப்பிடுவோம்.”

அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்: “ஐப்பசிக்கு மேல ஒருக்கா வந்து பாத்துட்டு எழுதுங்கம்மா. நெலத்துக்காரரு மெட்ராஸ்ல இருக்காரு, அவருக்கு என்ன தெரியும்? மேய்க்கிறது நாங்க. வீட்டுக்காரரு போனதுலேர்ந்து எனக்குக் கஞ்சி ஊத்துறது இந்த ஆடுங்கதான். இதையும் அடைச்சிட்டா நான் எங்க ஓட்டிக்கிட்டுப் போவேன்?”

டிரைவர் ஹாரன் அடித்தார். ஜீப்பில் ஏறிக்கொண்டே, “சரிங்க, வரேன்” என்றேன்.

நாம் எல்லோரும் சொல்வதுதான். டாக்டரிடம் சொல்கிறோம், பால் பூத்தில் சொல்கிறோம். கிளம்பும்போது ‘போறேன்’ என்று யாராவது சொல்வார்களா? ஆனால் அவர் கேட்டது ‘வாங்க’ என்று. நான் சொன்னது ‘வரேன்’ என்று. அவர் முகம் மலர்ந்ததை ஜீப்பின் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை.

ஆபீஸில் மேனேஜர் கேட்கத்தான் செய்தார். “மேய்ச்சல் ஏதாவது இருக்கா மேடம்? இருந்தா சொல்லிடுங்க, வழி விட்டுடலாம்.”

“அங்க மேயறதுக்கு என்ன சார் இருக்கு? கல்லும் முள்ளும்தான்.”

என்ன ஒரு வாய் பாருங்கள் எனக்கு! தரிசு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. பழியைப் போட ஓர் ஆள் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஐப்பசி வந்தது. ஐப்பசியில் காவிரியில் முங்கினால் புண்ணியம் என்று எங்கள் ஊரே விடிந்ததும் அம்மா மண்டபப் படித்துறையில் நிற்கும். அந்த வருஷம் மாதம் முழுக்க ஒரு நாள் விடாமல் நானும் முங்கினேன். மழை கொட்டியது. துணி காயவில்லை என்று வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். இதே மழை மருங்காபுரியிலும் பெய்திருக்கும் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

மார்கழியில் அங்கே மண்ணை வழித்துச் சமப்படுத்தினார்கள். வேலி போட்டார்கள். தை மாதம், வேலியோரம் புங்கனும் வேம்பும் நட என்னை அனுப்பினார்கள். நான் குழியில் கன்றை வைத்து மண் தள்ளிக்கொண்டிருந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார்.

“வரேன்னீங்களேம்மா” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

கையிலிருந்த மண்ணைக் குழியில் போட்டுவிட்டு எழுந்தேன்.

“ஐப்பசி பூரா, வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், நீங்கதானோன்னு ரோட்டுக்கு ஓடியாருவேன். மெசின் வர்றதுக்கு முன்னாடி உங்களுக்குக் காட்டணும்னு இதைப் புடுங்கி வச்சேன்.” மடியிலிருந்து ஒரு பிடி காய்ந்த புல்லை எடுத்துக் கம்பி இடுக்கு வழியாக நீட்டினார்.

கதிரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. காலேஜில் ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைந்து, லத்தீன் பெயர் எழுதி, முழு மார்க் வாங்கிய புல். பெயர் இப்போதும் தலைகீழாகச் சொல்லுவேன். அது கொழுக்கட்டைப் புல் என்றோ, சித்திரையில் வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும் என்றோ எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நல்ல படிப்பு! அந்தக் குழியருகிலேயே உட்கார்ந்து அழுதேன். “அழுவாதீங்கம்மா” என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

அன்றே மேனேஜரிடம் ஓடினேன். அவரும் மேலே பேசிப் பார்த்தார். வரைபடம் முடிந்து, அனுமதி வாங்கி, வேலியும் நின்றாகிவிட்டது; இனி மாற்ற முடியாது என்றார்கள். குளத்துக்குப் போகிற தடம் வேலிக்குள் அடைபட்டது அடைபட்டதுதான். அடுத்த சித்திரைக்குள் அவருடைய ஆடுகள் ஒவ்வொன்றாக மணப்பாறைச் சந்தைக்குப் போய்விட்டன. என்னால் முடிந்தது, அவருக்குப் பேனல் கழுவுகிற வேலை வாங்கிக் கொடுத்தேன். கம்பெனி அறிக்கையில் நீலக் கோட்டுப் போட்டு அவர் நிற்கிற படம் வந்தது. எடுத்ததும் நான்தான்.

இந்த வருஷம் பக்கத்து நிலத்தையும் எடுக்கப் போகிறார்கள். மறுபடி படிவம். எத்தனை தடவை கேட்டும் சித்திரையில் போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, ஐப்பசி மழை விட்ட பிறகு போனேன். ஆமாம், புல் முழங்கால் உயரம் நின்றது. காற்றில் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. யாரையும் கேட்காமலே ‘மேய்ச்சல்’ என்று எழுதினேன். அடுத்த கேள்வி: யாருடைய ஆடு மாடு?

வேலியோரம் கழுவுகிற கோலும் கையுமாக அவர் நின்றிருந்தார். போய்க் கேட்டேன். “இங்க இப்ப யாருங்க மேய்க்கிறாங்க?”

“யாரும் இல்லம்மா. தண்ணிக்குத் தடம் இல்லாம எத்தனை நாள் வச்சிருப்பாங்க? எல்லாரும் வித்துட்டாங்க.” கொஞ்ச நேரம் புல்லைப் பார்த்தார். “தரிசுன்னே போட்டுக்கோங்க. நெலம் பூராவும் எடுத்தாங்கன்னா இன்னும் நாலு பொம்பளைங்களுக்குக் கழுவுற வேலையாவது வரும்.”

அவர் பார்க்க, எழுதியதை அடித்துவிட்டு ‘தரிசு’ என்று எழுதினேன். பேனா அழுத்திக் காகிதம் கிழிந்தது.

ஜீப் பக்கம் திரும்பியபோது ‘வரேன்’ என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. “போறேங்க” என்றேன்.

“என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா போறேன்னுட்டு! வரேன்னு சொல்லுங்க.”

“வரேங்க” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் பேனல் கழுவத் திரும்பினார். ஜீப் கிளம்பிய சத்தம் கேட்டும் ரோட்டுப் பக்கம் பார்க்கவில்லை.