தங்கராஜ் அண்ணனுக்குப் பிரசங்கம் வரவில்லை

ஆராதனை தொடங்கிப் பத்தாவது நிமிடம் யாராவது ஒருவர் தும்முவார். பிறகு வரிசையாக எல்லோரும்...

எழுபதுகளின் நடுவில், மலையாளம் பேசும் ஊரில், சாலை பஜார் என்ற கடைத்தெருவில், ஒரு மிளகாய் குடோனின் மாடியில்தான் எங்கள் தமிழ் சபை கூடும். பாஸ்டரே ஜெபத்துக்கு நடுவில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் ஆமென் சொல்வார்.

கட்டிட வேலை, கடை வேலை என்று நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து வந்தவர்கள்தான் அதிகம். நான் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். சபையில் பாட்டுக்குழு. வாய் கொஞ்சம் நீளம்.

தங்கராஜ் அண்ணன் கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து, "ஆண்டவரு என்னை ஊழியத்துக்கு அழைக்காரு" என்றார். அவ்வளவுதான், சபையே குதித்தது.

எங்களுக்கு ஊழியம் என்றால் பிரசங்கம். வேறு ஒன்றும் தெரியாது! வேதாகமக் கல்லூரிக்கு அனுப்புவோம் என்றார்கள் மூப்பர்கள். அதற்கு முன்னால் அவர் ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்யவேண்டும், அதைக் கேட்டுவிட்டுத்தான் சபை சிபாரிசுக் கடிதம் கொடுக்கும். யாரோ வெள்ளை ஜிப்பா தைத்துக் கொடுத்தார்கள். அண்ணனும் ஹோட்டல் முதலாளியிடம் மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு வந்தது.

வேதப் பகுதியை வாசித்தார். மறுபடி வாசித்தார். மூன்றாம் முறையும் அதையே வாசித்தார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். வார்த்தையே வரவில்லை. ஜிப்பா நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. கடைசியில், "எல்லாரும்... காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

முதலில் சிரித்தது நான்தான். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டும் அடங்கவில்லை. அது பாட்டுக்குழு முழுக்கப் பரவியது.

மூப்பர்கள் கூடினார்கள். "அழைப்பு இருந்தா வாயைத் திறக்காமலா இருப்பாரு கர்த்தர்? அவசரப்பட்டுட்டாரு தம்பி" என்றார் ஒருவர். கடிதம் இல்லை. அண்ணன் முதலாளியிடம் போய்க் கெஞ்சி, மறுபடி பரோட்டாக் கல் முன்னால் நின்றார். சபைக்கு மட்டும் தவறாமல் வந்தார். கடைசி வரிசையில் உட்காருவார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சம்.

சில மாதம் கழித்து அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு நாள் மூன்றரை மணி வாக்கில் போனேன். குழந்தைகள் வார்டு வாசலில், வேர்த்த பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு தங்கராஜ் அண்ணன் நிற்கிறார்.

பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண், கையில் காய்ச்சலோடு குழந்தை. டாக்டர் மலையாளத்தில் கேட்கிறார். முன்பு இந்த ஊசி போட்டு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று கேட்டால் அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டுகிறாள். பால் குடிக்கிறதா என்றால் அதற்கும் அதே தலையாட்டல். பயம்... கேள்வி எதுவும் காதில் ஏறவில்லை.

"டாக்டரே, ஒரு மினிட்டு. இவர்க்கு ஒண்ணும் மனசிலாயில்ல" என்றார் அண்ணன், அவளுக்கு எதுவும் புரியவில்லை என்று. அப்புறம் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து அவளிடம், "மக்கா, பயப்படாத. இதுக்கு முன்ன பிள்ளைக்கு ஊசி போட்டாங்கல்லா? போட்டப்போ என்ன செய்துச்சு, நெனச்சுச் சொல்லு" என்றார்.

அவள் யோசித்தாள். "முகமெல்லாம் வீங்கிப் போச்சுண்ணே. மூச்சு இழுத்துச்சு. பிள்ள போயிருச்சுன்னே நெனச்சோம்."

அண்ணன் அதை மலையாளத்தில் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் நர்ஸின் கையிலிருந்த ஊசியை வாங்கி வைத்துவிட்டார். வேறு மருந்து எழுதினார்.

பிரசங்க பீடத்தில் ஒரு வார்த்தை வராத மனுஷன்! தடங்கல் இல்லாமல், இரண்டு பாஷையில்...

"எப்ப இருந்துண்ணே இங்க வாறீங்க?"

"அந்தப் பிரசங்கம் கழிஞ்ச மறுநாள்ல இருந்து. மூணுல இருந்து அஞ்சு வரை கடையில வேலை இல்லல்லா? பேச்சு வராதவன என்னத்துக்கு அழைச்சீருன்னு ஆண்டவருகிட்ட சண்டை போட்டுட்டே நடந்தேன். இங்க வாசல்ல ஒரு அம்மா மருந்துச் சீட்டை வெச்சுட்டு அழுதுட்டு நின்னா. எங்க போணும்னு கேக்கத் தெரியல அவளுக்கு. கூட்டிட்டுப் போனேன். பின்ன எல்லா நாளும் வாறேன், கேட்டியா தங்கச்சி."

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன். அன்றைக்குச் சிரித்தது நான்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அழைப்பு இல்லை என்று சொன்ன அதே மூப்பர், "என் பேரை செவ்வாய்க்கிழமைக்கு எழுதும்மா" என்றார். கொத்தனார், துணிக்கடைக்காரர், ஒரு டீச்சர்... ஆளுக்கொரு கிழமை. எனக்கு வியாழன், ஆபீஸில் சொல்லிச் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். மற்ற நாட்களில் அண்ணனும் கூட வருவார், வியாழன் மட்டும் நான் தனி. எனக்கு வேலை பழகிவிட்டது என்று நம்பிவிட்டார் போல என்று எனக்குப் பெருமை வேறு.

இப்போது சபைக்குச் சொந்தக் கட்டிடம், ஏசி. தும்மல் சத்தமே இல்லை. ஆஸ்பத்திரிக்கு இன்றும் போகிறார்கள், நல்ல பிள்ளைகள்தான். போன ஐந்தாவது நிமிடம் குரூப்பில் போட்டோ வந்துவிடும். அவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வருவதில்லை. நானே ஆறு வருஷத்தில் நிறுத்தியவள். கல்யாணம், பிள்ளைகள், புரமோஷன்... காரணத்துக்கா பஞ்சம்?

அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம், "பிள்ளைங்க சுகமா இருக்கா?" என்பதோடு சரி.

அவர் போய்ச் சேர்ந்த அன்று, அடக்கத்துக்கு வந்திருந்த வார்டு நர்ஸ் ஒருவர்தான் சொன்னார். நான் நிறுத்திய பிறகு வியாழக்கிழமையும் அவரே வந்தாராம், கடைசி வரை. ஹோட்டலில் அவருக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு. அது வியாழன்.