சீக்குப் பண்டு அப்பாவு

யாரிடம் பேசினாலும் அப்பாவு முதலில் காலைத்தான் பார்ப்பார். பேச்சு முடியும்வரை அவர் பார்வை முழங்காலைத் தாண்டி மேலே ஏறாது. டோல்கேட்டுக்கு வடக்கே இருக்கும் இரும்பு வார்ப்புப் பட்டறையின் வாசலில், சாயங்காலச் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், மதகுக் கட்டையில் உட்கார்ந்து அவர் கால்களோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். நெருப்புப் பொறி பட்டுப் பட்டுப் புள்ளி விழுந்த கால் ஒன்று வரும். "இன்னா நைனா, யோசன பண்ணியா?" என்று அந்தக் காலைக் கேட்பார். "சீக்கு வந்தா பாத்துக்கலாம் மாமு" என்று சொல்லிவிட்டு அது போய்விடும். அடுத்த கால் வரும்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. ராயபுரத்தில் சாவுப் பண்டு நடத்திய ஒரு சபைக்கு அவர் இருபது வருஷம் ஆளாக இருந்தவர். வீடு வீடாகப் போய்ச் சந்தா வாங்குவார். சந்தா கட்டிய வீட்டில் சாவு விழுந்தால் யானைக்கவுனிக்குப் போய்க் கோடித் துணி எடுத்து, பூவுக்கும் பாடைக்கும் சொல்லி, மயானம்வரை கூடவே நடந்து போய்விட்டு வருவார். அத்தனை வருஷம் துணி எடுத்த கண் ஆயிற்றே, ஆளைப் பார்த்ததும் உயரம் பார்க்கும். கண் பார்க்கும்போதே வலது கை தொடையோரம் சாண் போடும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்து மடங்கி, விரிந்து மடங்கி நகரும். இது தெருவுக்கே தெரிந்துபோயிற்று. அவரைக் கண்டதும் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அவர் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டார். "இது கெட்ட கண்ணு சார், நான் சொன்னா கேக்காது" என்று என் செருப்பைப் பார்த்து என்னிடம் சொன்னார்.

அப்படிப்பட்டவரைப் பிடித்து இந்த வேலைக்குப் போட்டவர்களை என்ன சொல்வது. பட்டறைத் தொழிற்சங்கத்தார் போன வருஷம் ஒரு சீக்குப் பண்டு ஆரம்பித்தார்கள். வாரச் சம்பளத்தில் இரண்டணா கொடுத்துவந்தால், உடம்புக்கு வந்தபோது காலடிப்பேட்டை டாக்டர் பார்ப்பார். மருந்துக்கும் ஊசிக்கும் பண்டு கொடுக்கும். படுத்துவிட்டால் பாதிக் கூலி வீட்டுக்கு வரும். சர்க்காரும் இதைப் போல ஒன்றுக்குச் சட்டம் போட்டு வைத்திருக்கிறது. கான்பூரிலும் டில்லியிலும் வந்துவிட்டதாம், பட்டணத்துக்கும் வரும் வரும் என்று பேப்பரில் வந்துகொண்டிருக்கிறது. "அது வரசொல்ல வரட்டும் சார். காய்ச்சலு பேப்பர் படிச்சிக்கினா வருது?" என்று அப்பாவு கேட்கிறார்.

வீடு ஏறி இறங்கிப் பழகியவர் என்பதால் அவரைக் கூப்பிட்டார்கள். அதுவே வினையாயிற்று. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் சேர்ந்துவிட்டார்கள். இரைப்பு, மூட்டுவலி, வயிற்றுவலி என்று ஆளுக்கொன்றைக் கையோடு கொண்டுவந்துதான் சேர்ந்தார்கள். சேராமல் நின்றவர்கள் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்கள் வந்தால்தான் பண்டு பிழைக்கும். இறைப்பவர்கள் மட்டும் இருந்து ஊற்று இல்லாவிட்டால் கிணறு எத்தனை நாளைக்கு வரும்? ஆனால் பிள்ளைகளுக்குப் பண்டு என்றாலே சாவுப் பண்டுதான். வாசலில் அப்பாவு தலை தெரிந்ததும், "சங்கு ஊதிடுச்சு, மாமு வந்துட்டாரு" என்று ஒருவன் சொல்வான். பட்டறைச் சங்கைச் சொல்கிறானா, மற்றச் சங்கைச் சொல்கிறானா என்பதைக் கேட்கிறவர்கள்தான் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

அவரும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். கறுப்புக் குடையை விட்டார். மஞ்சள் சட்டை ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டார். நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டோடு வந்து நின்ற அன்று, "யாரு வூட்ல மாமு பதினாறாம் நாளு?" என்று கேட்டுவிட்டார்கள். மறுநாள் பழைய சட்டைக்கே திரும்பினார். "செத்தவன் வூட்ல ஒரு தொல்லையும் கெடையாது சார். குட்த்தா வாங்கிக்குவாங்க. உயிரோட கீறவன்கிட்ட குடுக்கறதுதான் பேஜாரு" என்று சொல்லி, கட்டையில் கையை ஊன்றி எழுந்தார். எழுவதற்கு இப்போதெல்லாம் அவர் இரண்டு முறை முயல வேண்டியிருக்கிறது.

சேர்ந்தவர்கள் படுத்தாலும் அவருக்கு நிம்மதி இல்லை. கொதிகலன் பார்க்கும் சிலுவைமுத்து காய்ச்சலில் கிடந்தபோது, அப்பாவு மருந்தோடு போய்க் கால்மாட்டில் நின்றிருக்கிறார். கண்ணைத் திறந்து பார்த்த சிலுவைமுத்து, உடனே மாதா கோயிலுக்கு ஆள் அனுப்பி, கடைசி ஜெபத்துக்குச் சாமியாரை அழைத்துவரச் சொல்லிவிட்டார். சிலுவைமுத்து பிழைத்து வேலைக்கு வந்து, இன்றைக்கும் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். அப்பாவு மட்டும் அதன்பிறகு எந்த நோயாளியின் வீட்டுக்குள்ளும் போவதில்லை. மருந்துப் பாட்டிலை வாசற்படியில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு, திறப்பதற்குள் தெருக்கோடிக்குப் போய்விடுகிறார்.

பட்டறைக்கு எதிரே கெங்கம்மாவின் இட்லிக் கடை. கடை என்றால் ஓர் அடுப்பு, ஒரு பானை, மேலே ஒரு கோணி. நான் வேலை பார்க்கும் அச்சுக்கூடம் பக்கத்திலேயே இருப்பதால் எனக்குக் காலைப் பசி அங்கேதான் ஆறும். அப்பாவுவுக்கும் அங்கேதான். ஆனால் போணி ஆகும்வரை அவர் எதிர்ச் சாரியில் நின்றுகொண்டிருப்பார். முதல் வியாபாரம் சாவுப் பண்டுக்காரர் கையில் ஆனால் அன்றைக்குப் பானையைக் கவிழ்த்த மாதிரிதான் என்று கெங்கம்மா நம்பினாள். அவரும் அதை நம்பினார். நாலு பேர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மெல்லச் சாலையைத் தாண்டி வருவார். அவள் இலையைத் தள்ளி வைப்பாள், அவர் காசைக் கீழே வைப்பார். அவள் புருஷன் போனபோது கோடி எடுத்துவந்தவர் அவர்தான். அதற்குப் பிறகு இருவரும் பேசி நான் பார்த்ததில்லை.

அவள் மகன் லோகநாதன் பட்டறையில் வார்ப்பு ஊற்றுகிறவன். இருபது வயது. சடுகுடு ஆட்டத்தில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவன்தான் தலைவன். அவன் முடியைப் பின்னால் தூக்கி வாரினால் பட்டறையே தூக்கி வாரும். ஐப்பசி மழையில் காய்ச்சல் பரவி, பண்டு தேறாது என்று சங்கத்தார் உதட்டைப் பிதுக்கத் தொடங்கிய சமயம், ஒரு சனிக்கிழமை, என்ன நினைத்தானோ, "சர்தான் மாமு, எம்பேர எய்திக்கோ" என்று சொல்லிவிட்டான். அவன் பின்னாலேயே ஒரு கும்பல் பேர் கொடுத்தது. அன்றைக்கு அப்பாவு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை அவர் சாலையைத் தாண்டும்போதே கெங்கம்மா கரண்டியோடு எழுந்துவிட்டாள். "யோவ், எம்புள்ளைக்கு இப்பவே அளவெடுக்கிறியா?" என்று கேட்டாள்.

வேறு எதை வேண்டுமானாலும் அவள் கேட்டிருக்கலாம். அப்பாவு வலது கையை வேட்டி மடிப்புக்குள் நுழைத்துக்கொண்டு, சாப்பிடாமலே திரும்பிப் போனார். மத்தியானம் லோகநாதன் வந்து, அம்மா வீட்டில் சோறு பொங்கமாட்டேன் என்கிறாள், பேரை எடுத்துவிடு என்று கெஞ்சினான். கும்பலும் வந்து அதையே கேட்டது. சனிக்கிழமைவரை பொறுங்கள் என்று மட்டும் அப்பாவு சொன்னார். அன்றைக்குப் பிள்ளைகள் விலகினால் பண்டை மூடிவிடுவது என்று சங்கத்தார் முடிவு செய்துவிட்டார்களாம். அந்த வாரம் மதகுப் பக்கம் போகவே எனக்கு மனசில்லை. வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தார் மனிதர்.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. கடைக்கு நான்தான் முதல் ஆள்; எனக்கு இன்னும் இலை போடவில்லை. அப்பாவு எதிர்ச் சாரியில் நிற்காமல் நேரே வந்துவிட்டார். போணி ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. கெங்கம்மா பானை மூடியைப் பிடித்தபடி நின்றாள். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒன் வூட்டுக்காரரு படுத்துகினு கெடந்தாரே, அப்போ பண்டுல துட்டு இருந்துச்சு கெங்கம்மா. எங்கைலதான் இருந்துச்சு. ஊசிக்கு நீ அலைஞ்சதும் தெரியும். உயிரோட கீறவனுக்குக் குடுக்க ரூலு இல்ல. செத்தப்புறம் ஓடியாந்து குட்த்தேன். நல்ல துணியா பாத்துத்தான் எட்த்தேன்."

அவருக்கு மூச்சு வாங்கியது. திறந்த பானையிலிருந்து ஆவி வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

"அந்த வேல எனக்கு அலுத்துப்போச்சு. முன்னாடியே குடுக்கறதுக்குத்தான் இது. வேணான்னா நீயே சொல்லிடு, பேர எட்த்துடறேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது திட்டுவாள் என்று. இரண்டும் இல்லை. மூடியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்த லோகநாதனைத் தோளைப் பிடித்து இழுத்து, அப்பாவுவுக்கு நேர் எதிரே நிறுத்தினாள்.

"தலைய நிமித்து அண்ணாத்தே" என்றாள். "இவன நல்லா பாத்துக்கோ. இவனுக்கு நீ துணி எடுக்கக் கூடாது. மருந்து எடு."

லோகநாதன் நெளிந்தான். அப்பாவுவின் பார்வை அவன் காலில் இருந்தது. முழங்காலுக்கு வந்து, வழக்கம்போல் அங்கேயே நின்றது. தொடையோரம் வலது கட்டைவிரல் அசைய ஆரம்பித்தது. அவர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, லோகநாதனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.