நான் எழுதிய தீர்மானம்

எங்கள் வக்கீல் சங்கத்தில் தீர்மானம் எழுதுவது என் வேலை. யாரும் நியமிக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக இங்கே கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து நன்றாக இருக்கும், போதாததற்குப் பொம்பளை. பேனா தானாக என் பக்கம் தள்ளப்பட்டுவிட்டது. இரங்கல், பாராட்டு, கண்டனம் என்று எல்லாம் எழுதியாயிற்று. கண்டனம்தான் ஜாஸ்தி.

போன வருடம் எங்கள் உறுப்பினர் ஒருவர், எனக்கு நல்ல நண்பர், சேலம் ரோட்டில் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். சின்னசேலம் பஸ் திரும்ப வழியில்லை. கண்டக்டர் இறங்கி வந்து காரைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லி மரியாதையாகத்தான் கேட்டார். இவர் சாவி பிடித்திருந்த கையாலேயே அறைந்தார். உதடு கிழிந்தது, ஒரு பல் போனது. அதே கடையில் டம்ளரும் கையுமாக நின்று நான் பார்த்தேன். போலீஸ் வழக்குப் போட்டது. வேறு என்ன செய்வார்கள்?

மறுநாள் சங்கம் கூடியது. பொய் வழக்கு என்று தலைவர் ஆரம்பித்தார். அடித்தாரா இல்லையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இன்றைக்கு அவர், நாளைக்கு நாம் என்பதுதான் பேச்சு. அந்தப் பயத்தை வெறும் நடிப்பு என்று சொல்ல மாட்டேன், தினமும் போலீஸோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நாங்கள். நான் எழுந்து, அவருக்காக ஒருவர் நின்று வாதாடட்டும், அது நம் தொழில், அதற்காக எல்லாரும் வேலையை நிறுத்துவானேன் என்று கேட்டேன். தலைவர் சிரித்தார். "மேடம் நாயம் பேசறாங்க. பேப்பர குடுங்கப்பா, எழுதட்டும்" என்றார்.

எழுதினேன். கையையும் தூக்கினேன். வக்கீல்கள் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்று மேல் கோர்ட்டுகள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டதால், பணியிலிருந்து விலகி இருப்பதாக எழுதுவது எங்கள் வழக்கம். வழக்கு முடியும்வரை யாரும் ஆஜராகக் கூடாது, மீறினால் சங்கத்தை விட்டு நீக்கம். அந்த வரியும் என் அழகான கையெழுத்தில்தான் இருக்கிறது.

அப்போது என் கட்சிக்காரர் ஒருவர் கிளைச் சிறையில் இருந்தார். கல்வராயன் மலைக்காரர். கூரை சரிந்துபோனதற்கு முட்டுக் கொடுக்கக் காட்டில் ஒரு மரத்தை வெட்டியிருந்தார், வனத்துறை பிடித்துவிட்டது. ஜாமீன் மனு மறுநாள் விசாரணைக்கு வர வேண்டும். வீட்டில் அவருடைய அப்பா சாகக் கிடந்தார். இவர் ஒரே மகன்.

அவர் மனைவி வெள்ளிமலை பஸ்ஸில் தினமும் இறங்கி வந்தாள். முதல் நாள் கோர்ட்டு லீவு என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். இரண்டாம் நாள் சாயங்காலம் வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் என் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"கெழவன் கண்ண தொறந்து வச்சிக்கினு இவர தேடறாருங்க. நீங்க ஒருத்தரு மட்டும் உள்ள போயி பேசினா ஆவாதாங்களா?"

ஆகும். கோர்ட்டு திறந்திருந்தது, நீதிபதி உள்ளே உட்கார்ந்திருந்தார். வாசலில் எங்கள் ஆட்கள் பத்துப் பேர் நின்றார்கள், அவ்வளவுதான். யாரும் என்னைப் பிடித்து இழுத்திருக்க மாட்டார்கள். ஆனால் நாளைக்கு எவனும் முகம் கொடுத்துப் பேச மாட்டான், எனக்காக ஒரு வாய்தா கேட்கக்கூட ஆளிருக்காது. அந்தப் பயம். சங்கத்தில் முடிவு பண்ணிவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன், ஏதோ எனக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. வெட்கங்கெட்ட பேச்சு.

அன்றைக்கே என் நண்பருக்குச் சென்னையில் முன்ஜாமீன் கிடைத்தது. அங்கே புறக்கணிப்பு இல்லை, நல்ல வக்கீலாகப் பிடித்திருந்தார்கள். இங்கே லட்டு வந்தது. வழக்கு இன்னும் இருக்கிறதே என்று புறக்கணிப்பு மட்டும் தொடர்ந்தது. ஐந்தாம் நாள் அந்தப் பெண் வரவில்லை, போன்தான் வந்தது. பெரியவர் போய்விட்டார். மகன் இல்லாமலே அடக்கம் செய்துவிட்டார்கள்.

எட்டாம் நாள் கண்டக்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, சமாதானம் என்று கையெழுத்து வாங்கினார்கள். புறக்கணிப்பு வாபஸ். அதையும் நான்தான் எழுதினேன். மறுநாள் என் மனு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

சாயங்காலம் சிறை வாசலுக்குப் போனேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். வெளியே வந்த கட்சிக்காரர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். வக்கீல் ஒருவருக்கு ஏதோ கஷ்டம், அதனால்தான் கோர்ட்டு நடக்கவில்லை என்று உள்ளே சொல்லியிருக்கிறார்கள் போல.

"அந்த வக்கீலய்யாவுக்கு ஜாமீன் கெடச்சிச்சிங்களா?" என்று கேட்டார். குத்தலே இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார்.

"கெடச்சிடுச்சி."

"எப்பங்க?"

"மூணாம் நாளே."

அவர் விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டார். "எங்கப்பன் அஞ்சாம் நாளு வரைக்கும் இருந்துதுங்க" என்றார்.