வேரா நிக்கொலாயெவ்னா தேநீர் குடித்த நாள்

பிள்ளைகளுக்கு,

சிட்னிக்கு வந்த முதல் வருடம் பிளாக்டவுனுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது என் வேலை. இங்கிலீஷே எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். அந்த நிலையில் நான் ரஷ்ய மொழி படிக்க வேண்டி வந்தது.

பதினோராம் நம்பர் அறையில் வேரா என்ற ரஷ்ய அம்மா இருந்தார். எண்பத்தெட்டு வயது. மறதி நோயில் இங்கிலீஷ் முழுவதும் போய், தாய்மொழி மட்டும் மிஞ்சியிருந்தது. சொந்தமென்று யாரும் இல்லை. நான் ஹோம்புஷிலிருந்து ரயிலில் வரும்போது போனில் ரஷ்யச் சொற்களைக் கேட்டு, கொப்பியில் தமிழில் எழுதிப் பாடமாக்கினேன். தண்ணீர் வதா. தேநீர் சாய். வலிக்கிறது என்றால் பாலித். தயவுசெய்து என்பதற்குப் பஜாலஸ்தா. இருபது சொல் தேறியது.

ஜனவரி இங்கே கோடை. அதில் ஒரு நாள், வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியது. இரவு வேலைக்காரர் பொறுப்பை ஒப்படைக்கும் காலை ஹேண்டோவர் முடிந்ததும் நர்ஸ் செல்வி என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் மதுரைக்காரர்.

"கதிர் அண்ணா, வேராம்மா நேத்து மத்தியானத்துல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. நாலு மணிக்குள்ள குடிக்கலன்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிட்டார் டாக்டர். போன தடவை அங்க போய் பயந்து, ஒரு மாசம் யாரையும் கிட்டவே விடல. நீங்கதானே ரஷ்யன் படிக்கிறீங்க, பேசிப் பாருங்களேன்."

"ஓம் சிஸ்டர், நான் குடிக்க வைக்கிறன்" என்றேன்.

மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அதனால் பாட்டி என்பதற்குப் படித்த சொல்லைப் பாவித்தேன்.

"பாபுஷ்கா, வதா, பஜாலஸ்தா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து மணிக்கும் அதே கதை. பன்னிரண்டு மணிக்குக் கோப்பையைத் தட்டியே விட்டார். உதடு வெடித்திருந்தது. நான் இன்னும் பணிந்து, இன்னும் பாபுஷ்கா சொன்னேன்.

இரண்டரைக்கு அழுக்குத் துணி ஏற்றும் லொறி வந்தது. வாரம் ஒரு தடவை வரும் அந்த லொறியை ஓட்டுபவர் காலினா, ரஷ்யப் பெண், வேராவை முன்பிருந்தே தெரிந்தவர். ஓடிப்போய்ச் சொன்னேன். இங்கிலீஷில்தான் கேட்டார், எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"நீ அவவை என்னெண்டு கூப்பிட்டனீ?"

"பாபுஷ்கா."

மூட்டையைப் போட்டுவிட்டுச் சிரித்தார். "அவ என்ன உன்ர பாட்டியோ? கலியாணமே கட்டாத மனுசி. பாலம் கட்டின இன்ஜினியர். சந்தையில நிக்கிற கிழவியைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டா, உன்ர கையால குடிப்பாவோ?"

"அப்ப மரியாதையா என்ன சொல்லுறது?"

"பேரைச் சொல்லு. தகப்பன்ர பேரையும் சேர்த்துச் சொல்லு. எங்கட மரியாதை அதுதான். அவ நிக்கொலாயின்ர மகள். வேரா நிக்கொலாயெவ்னா. சொல்லிப் பார்."

சொன்னேன்.

"இன்னொருக்கா. நாக்கைக் கடிச்சுப் போடாதை."

நாலு தடவை சொல்ல வைத்துவிட்டு, "நான் வந்து சொன்னா இண்டைக்கு மட்டும்தான் சரிவரும். நாளைக்கும் நீதானே போகவேணும், போ" என்று தன் மூட்டையைத் தூக்கினார்.

பால் விடாத பிளேன் ரீ ஊற்றி, ஆறவிட்டு, எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன்.

"வேரா நிக்கொலாயெவ்னா."

முகம் திரும்பியது. கட்டிலைப் பிடித்து எழும்பி உட்கார்ந்தார். தலைமயிரைக் கையால் ஒதுக்கினார். சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினார். அலுவலகத்துக்கு ஆள் வந்தது போல உட்காரச் சொல்லி எனக்குக் கதிரையைக் காட்டினார்.

"சாய்?" என்றேன்.

"சாய்" என்றார்.

கோப்பையைத் தானே வாங்கி, தானே குடித்தார். இரண்டாவதும் கேட்டார். செல்வி வாசலில் நின்று பார்த்துவிட்டு, டாக்டருக்குப் போன் பண்ணப் போனார். ஆம்புலன்ஸ் வரவில்லை.

அந்த அம்மாவின் நிமிர்வை நான் இன்னும் வியக்கிறேன். எல்லாம் மறந்த பிறகும் தான் யார் என்பதை அவர் மறக்கவில்லை. புது மொழி படித்தால், தண்ணீர், சோறு எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தச் சனம் ஒரு ஆளை எப்படி மதித்துக் கூப்பிடும் என்று கேட்டுப் படியுங்கள். நான் எங்கள் மரியாதையையே எல்லாருடைய மரியாதையும் என்று நினைத்து, தாகத்தோடு இருந்த ஒருவரை மூன்று மணி வரை காக்க வைத்தேன்.