மிச்சம் வராத டப்பா

என் வீட்டுக்காரர் சாம்ராஜ், பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று எங்கள் லோத்குண்டா சர்ச் சபையே சொல்லும். சபை சொல்லிவிட்டுப் போகட்டும், கூடக் குடித்தனம் நடத்துகிறவள் நான். எதையும் பார்த்துத்தான் நம்புவேன்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் அவருக்கு நைட் ஷிஃப்ட் விழுந்தது. நாற்பது நாளும் ஒரே வேளைதான் சாப்பாடு என்று கர்த்தரிடம் பொருத்தனை வேறு. கிளம்பும்போதே சாப்பிட்டால் விடியும்வரை தாங்காது என்று, அந்த ஒரு வேளையை இரவு இரண்டு மணி இடைவேளைக்கு வைத்துக்கொண்டார். விடிந்து வீட்டுக்கு வந்தால் கெட்டிக் காபி மட்டும். காபியால் உபவாசம் முறியாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். குடித்துவிட்டுப் படுப்பார், மத்தியானம் வரை புரண்டுகொண்டே கிடப்பார்.

மூன்றாம் வாரம் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. ஒரு மாதத்தில் குறையாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்களாம். அவருக்கு முகமே செத்துவிட்டது. எனக்கோ வேறு யோசனை. பட்டினி கிடக்கிற மனுஷனுக்குச் சர்க்கரை எப்படி ஏறும்? வெளியே எங்கேயோ வாய் வைக்கிறார்!

சட்டைப் பையைத் துழாவினேன். பிஸ்கட் தூள் இருக்கிறதா என்று தையல் ஓரம் வரை பார்த்தேன். கைக்குட்டையை மோந்தேன். ஒன்றும் சிக்காததே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. கூட வேலை செய்கிற சலீமுக்குப் போன் போட்டேன்.

"நக்கோக்கா, அப்படியெல்லாம் இல்ல, அண்ணன் உங்க டப்பாவத் தவிர எதையும் தொடறதில்ல. கைக்கு, எதுக்கு இப்படி சந்தேகப்படுறீங்க?"

ரெண்டும் கூட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

குகட்பள்ளியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். எந்த மணிக்கு என்ன சாப்பிட்டார் என்று ஒரு வாரம் எழுதிவரச் சொன்னார். எழுதியதைப் படித்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். உடம்பு ஓய்வு கேட்கிற நேரத்தில் இவ்வளவு சோற்றைப் போட்டால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? படுக்கப் போகும்போது காபி குடித்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? தூக்கம் கெட்டால் சர்க்கரை இன்னும் ஏறும் என்றார். இத்தனையும் யார் கட்டிக்கொடுப்பது என்று இந்தியில் கேட்டார்.

"கேண்டீன், மேடம்," என்றார் இவர், என் பக்கம் திரும்பாமல்.

எலுமிச்சைச் சாதம், சாம்பார் சாதம், தயிர் சாதம், மேல் தட்டில் கேசரி. ஒரு வேளைதானே என்று மூன்று வேளைக்கும் சேர்த்து அமுக்கி அமுக்கி வைத்தவள் நான். கேண்டீன் இல்லை, நான்தான் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

ஆட்டோவில் கேட்டேன். "ஏங்க, முடியலன்னா மிச்சம் வச்சிருக்கலாமே?"

"மிச்சம் வந்தா நீ சும்மா இருப்பியா ஜெயா? வெளிய எங்க சாப்பிட்டீங்கன்னு கேப்ப. அதுக்குப் பயந்தே முழுசும் தின்னேன்."



அந்த ஒரு வேளையைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மாற்றினோம். ராத்திரி பசித்தால் ஒரு கை சுண்டல். கர்த்தர் அதற்கெல்லாம் கோபிக்கமாட்டார். காலையில் காபி கிடையாது, ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை. மறுபரிசோதனையில் தேறிவிட்டார், இன்றும் கிரேனில்தான் இருக்கிறார்.

சில நாள் சுண்டல் பாதி மிச்சத்தோடு டப்பா வரும். எங்கே சாப்பிட்டீர்கள் என்று தொண்டை வரை வரும். உள்ளே அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். டப்பாவைச் சத்தமில்லாமல் கழுவி வைத்துவிடுவேன்.