ரயிலுக்கு நங்கூரம் போட்ட கதை

கப்பலில் வரும் பத்திரிகைகளில் எப்போதும் வெங்காய வாசனை அடிக்கும். வெங்காய மூட்டைகளோடு நாலு நாள் குலுங்கி வருகிற அந்தக் கட்டைப் பிரித்து, சேர்ந்துபோன வாரங்களின் இதழ்களையெல்லாம் ஒரே மூச்சில் படித்துவிட்டு, அடுத்த கப்பல், எங்கள் பேச்சில் "ஜஹாஸ்", வரும்வரை அவற்றையே திரும்பத் திரும்பப் படிப்பேன். அறுபதுகளில் போர்ட் பிளேயரில், டாலிகஞ்ச் வரிசை வீடுகளில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்குக் கிடைத்த இலக்கியம் அவ்வளவுதான்.

அந்தக் கதைகளில் ஆறு இருக்கும், தெப்பக்குளம் இருக்கும், தவறாமல் ஒரு ரயிலும் இருக்கும். நான் இவற்றில் எதையும் கண்டதில்லை. தீவிலேயே பிறந்தவள், கடலைத் தாண்டாதவள். அப்பா வருஷாவருஷம் "மெயின்லேண்டு" போக லீவு எழுதிக் கொடுப்பார். லீவு கிடைத்தால் டிக்கெட் கிடைக்காது, டிக்கெட் கிடைத்தால் லீவு போய்விடும். நான் பெரியவளான பிறகு, பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் தவிர வேறு போக்கிடம் அம்மா எனக்கு வைக்கவில்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் கடலில் போய் முட்டிக்கொள்கிற ஊர். கதைகளெல்லாம் அந்தக் கரையில் நடக்க, நான் மட்டும் இந்தக் கரையில் அடைபட்டுக் கிடக்கிறேனே என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அந்த ஆத்திரத்தில்தான் பதின்மூன்று வயதில் என் முதல் கதையை எழுத உட்கார்ந்தேன். எழுத்தாளராவதென்றால் ரயில் இல்லாமல் முடியுமா? கைக்குழந்தையோடு ஒருத்தி தாய்வீட்டுக்கு ரயிலில் போகிறாள். ரயிலின் சங்கதி தெரியாததால், கப்பல் வந்து நிற்கும் "ஜெட்டி"த் துறையில் பார்த்ததையும் பெரியவர்கள் பேசிக் கேட்டதையும் வைத்து அதை ஓட்டினேன். மூன்று முறை ஊதிவிட்டு, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ரயில் கிளம்பியது. அடித்தட்டில், மலிவான "பங்க்" வகுப்பில் எல்லாரும் வாந்தி எடுத்தார்கள். காற்று பலத்துவிட்டதால் பாதி வழியில் நங்கூரம் போட்டு நின்றது.

அப்பாவோடு வேலை பார்த்த நடேசன் மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூடியிருந்தவர்களுக்கு முன்னால் அந்தத் தாள்களை எடுத்து உரக்கப் படித்தார். நங்கூரத்துக்கு வந்ததும் அவரால் மேலே படிக்க முடியவில்லை.

"ஏண்ணே, ஒங்க மக ரயிலுக்கே நங்கூரம் போட்டுட்டாண்ணே! லைஃப்போட்டுப் படகு இருக்காம்மா, முங்கிருச்சுன்னா ஏறிக்கிட?"

வீடே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுப்படியில் போய் ஒதுங்கிய என்னிடம் அம்மா, "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுடி" என்றாள். இந்தக் குஞ்சு செத்துத்தான் போயிற்று. ஊர் உலகம் பார்க்காதவளுக்குக் கதை ஒரு கேடா என்று தாள்களை அரிசி டின்னுக்குப் பின்னால் திணித்துவிட்டேன்.

அன்றைய கூட்டத்தில் பக்கத்து வீட்டுப் பேச்சியக்காவும் இருந்தாள். ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரி, மர மில்லில் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவள், மூன்று பிள்ளை பெற்றும் ஒருமுறைகூட ஊருக்குப் போனதில்லை. அவள் வாயைத் திறந்தாலே கணவர், "அடுத்த ஜஹாஸ்ல பாப்பம்" என்று முடித்துவிடுவார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சில நாள் கழித்து, வேலிக்கு அந்தப் பக்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அன்னைக்கு இவுக சிரிச்ச சிரிப்புல மிச்சத்தக் கேக்க முடியல. அந்தப் புள்ள ஊர்ல எறங்குச்சா இல்லியாடி?"

"இன்னும் எழுதலக்கா. அங்க எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாதே."

"ஊரு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். எறங்குனாளான்னு மட்டும் நீ சொல்லு."

அன்று மாலையே தாள்களை வெளியில் எடுத்து, அவளை இறக்கிவிட்டேன். ஸ்டேஷனைப் பற்றி ஒரு வரி எழுத வழியில்லை. கப்பலைவிட்டு இறங்கியவர்கள் சொல்வதை வைத்து, அவள் கால் வைத்த தரை ஆடியது என்று எழுதினேன். வேலியோரம் நின்று படித்துக் காட்டியபோது பேச்சியக்கா அரிவாள்மனையை விட்டு நிமிர்ந்து, "ஆமா, ஆடும்" என்றாள். மறுபடி குனிந்து நறுக்கிக்கொண்டே, "அவ ஆத்தா கூட்டிட்டுப் போக வந்துருக்காளா?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அந்த மழைக்காலம் முழுவதும் கப்பல் வரவில்லை. கடையில் உருளைக்கிழங்கு தீர்ந்தது, பத்திரிகை தீர்ந்தது, வீட்டுக்குள்ளேயே இருந்து இருந்து எல்லாருக்கும் எரிச்சல் மண்டியது. நடேசன் மாமா வரும்போதெல்லாம், "என்னம்மா, ஒன் ரயிலு கரை சேந்துச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார். எனக்கு முகம் சுண்டிப்போகும். ஆனாலும் எழுதினேன், மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி காத்திருப்பாளே! ஆத்தா வந்தாள், பேரப்பிள்ளையை வாங்கிக்கொண்டாள், மகளுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

கடைசியில் கப்பல் வந்தபோது, பேச்சியக்காவின் தாய் இறந்துபோன செய்தியும் அதில் வந்தது. இறந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அந்த ஒரு மாதமும் என் தாளில் அந்தத் தாய் மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். வேலிப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருந்தது. செத்தவளை வைத்து விளையாடிவிட்டேனோ என்று இருந்தது. காரியமெல்லாம் முடிந்தபின் பேச்சியக்காவே வேலியோரம் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"மேல என்னடி ஆச்சு?" என்றாள். பிறகு, "ஒங்கதையில ஆத்தா இருக்கட்டும்டி. கொன்னுறாத" என்றாள்.

இப்போது விமானம் இரண்டு மணி நேரத்தில் சென்னையில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. கப்பலுக்காக ஊரே காத்துக் கிடந்த காலத்தைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். நானும் எத்தனையோ ரயிலில் போய்விட்டேன். எழுதத் தொடங்கியவர்கள் என்னிடம் வந்து, தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொண்டீர்கள் என்று கேட்கிறார்கள். எனக்கு அது வந்ததே இல்லை. இன்றும் முதல் வரி எழுதும்போது நடேசன் மாமா சிரிக்கிறார். மேலே என்ன ஆயிற்று என்று ஒரு ஆள் கேட்டாள், நான் எழுதினேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் டாலிகஞ்ச் போயிருந்தேன். வரிசை வீடுகளை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். வேலி எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பேச்சியக்கா கடைசிவரை ஊருக்குப் போகாமலே கண்ணை மூடினாள். அவள் ஆத்தாவை மட்டும் நான் இன்னும் சாகவிடவில்லை.