வியாழன் இன்னும் உதிக்கவில்லை

லீவு முடிந்து அபுதாபிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்திரம், என் கணவர் மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் மாடிப்படி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். கீழே பெட்டி பாதி அடுக்கியபடி கிடந்தது. விடிவதற்கு முன்னால் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகக் கார் வந்துவிடும். அவரிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. லீவு முழுக்க அதை வாய்க்குள் அடக்கிக்கொண்டு திரிந்தேன். கம்பெனி கான்ட்ராக்டை இந்தத் தடவையும் புதுப்பிக்கப் போகிறாரா, இல்லை, போதும் என்று சொல்லிவிட்டு ஊருக்கே வந்துவிடப் போகிறாரா? போய் இறங்கியதும் அவர் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணமானதும் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இவரும் அப்படி வந்தவர்தான். ஆனால் வந்த சூட்டோடு வளைகுடாவுக்குப் போய்விட்டதால், இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் வீட்டில் அவர் விருந்தாளிதான். லீவில் வந்தால் உம்மா கறியும் வட்டிலப்பமுமாக ஆக்கிப் போடுவார். வாப்பா எழுந்து நாற்காலி கொடுப்பார். இவர் உட்காருவார், உடனே எழுந்துவிடுவார். தண்ணீர் மோட்டாரைப் போட்டுப் பார்ப்பார். நன்றாக ஓடுகிற ஃபேனை, சத்தம் வருகிறது என்று கழற்றிப் போடுவார். எனக்கு எரிச்சலாக வரும். எரிச்சல் என்று சொல்கிறேனே தவிர, உண்மையில் அது பயம்தான். இந்த வீட்டில் பொருந்தி உட்கார முடியாத மனுஷனிடம், இங்கேயே இருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

கழற்றிப் பூட்டுவதற்கு இந்தத் தடவை தொலைநோக்கி வந்திருந்தது. மோட்டார் வைத்தது. லேப்டாப்போடு கேபிளால் இணைத்துவிட்டு, திரையில் தெரிகிற வான வரைபடத்தில் எந்தக் கிரகத்தைத் தொட்டாலும் அதன் பக்கம் தானாகத் திரும்புமாம். கம்பெனி லேப்டாப்பில் வேறு சாஃப்ட்வேர் ஏற்றக் கூடாது என்பதால், நான் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வினாத்தாள் அடிக்கிற என் லேப்டாப்பில் ஏற்றியிருந்தார். மேகம் விடாமல் மூடிக் கிடந்து அன்றைக்குத்தான் வானம் வெளுத்திருந்தது. அவர் அந்தி மஃரிப் தொழுத கையோடு மாடிக்கு ஏறிவிட்டார்.

நான் டீ எடுத்துக்கொண்டு போனபோது கிழக்கே கடலுக்கு மேல் பளிச்சென்று ஒரு வெளிச்சம் நின்றது.

"மச்சான், அந்தா தெரியுதே, அதுதானே வியாழன்?"

"அதேதான்."

"பொறவு என்ன?"

"வியாழன் இன்னும் உதிக்கலன்னு சாஃப்ட்வேர் சொல்லுது. அடிவானத்துக்குக் கீழ கெடக்காம். அதனால மோட்டார் அசைய மாட்டேங்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்புக்குறிய அழுத்தி நாமளே திருப்பிப் பாத்தா என்ன?"

"சும்மா கெடளா. வானத்துல எது எங்கன இருக்குன்னு அதுக்கே தெரியல. அத வச்சுக்கிட்டு என்னத்தத் திருப்ப?"

அவருக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கண்ட்ரோல் ரூமில் வேலை. திரை சொல்வதை நம்புவதற்குத்தான் சம்பளமே. திரை ஒன்று சொல்லி வானம் வேறொன்று சொன்னால் மனுஷனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஊரின் அட்சரேகையைச் சரிபார்த்தார். காம்பஸ் வைத்து வடக்கைப் பார்த்தார். கேபிளை உருவிச் செருகினார். சாஃப்ட்வேரை அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

"விடுங்க மச்சான். செத்த உக்காருங்க, ஒரு விஷயம் பேசணும்."

"இது முடியட்டும்."

"பெட்டி வேற அடுக்கணும்."

"இது முடியட்டுங்கேன்ல!"

இது முடிந்தால் இன்னொன்று வரும், எனக்குத் தெரியாதா? கோபம் தலைக்கு ஏறியது. அவர் மடியிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்கினேன். கண் கூசாமல் இருக்கத் திரையைச் சிவப்பாக்கி, கிழக்கு மூலையை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தார். நான் படத்தை மேற்குப் பக்கம் இழுத்தேன். அங்கே சூரியன் இன்னும் இறங்காமல் நின்றுகொண்டிருந்தது. எங்கள் மாடியிலோ நன்றாக இருட்டிவிட்டது.

என்ன நடந்திருக்கிறது என்று அந்த நொடியே எனக்குப் புரிந்தது. முகம் குப்பென்று சூடாகிவிட்டது. அவரும் எட்டிப் பார்த்தார். திரையின் ஓரத்தில் இருந்த மணியைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இது என்னளா நேரம்?"

"ஒங்க நேரம்."

லேப்டாப் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி அபுதாபி மணிக்கு வைத்தது நான்தான். முறைப்படி கடிகாரத்தில் நாட்டை மாற்ற வேண்டுமாம். நான் வெறுமனே மணியை மட்டும் மாற்றியிருந்தேன். சாஃப்ட்வேர் அதை இந்திய நேரம் என்று நம்பி, ஒன்றரை மணி நேரத்துக்கு முந்தின வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"எழும்பியிருப்பீங்களா, டூட்டி முடிஞ்சிருக்குமா, சாப்பிட்டிருப்பீங்களான்னு பாக்க வச்சது. ஒவ்வொரு தடவையும் கழிச்சுக்கிட்டு இருக்க முடியல" என்றேன். கணக்கு டீச்சர் சொல்கிற பேச்சா இது? அவர் கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. மணியைச் சரியாக்கிவிட்டு வியாழனைத் தொட்டார். மோட்டார் முனகியது. குழாய் மெதுவாகத் திரும்பிக் கடலுக்கு மேல் நிமிர்ந்து நின்றது.

அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு எனக்கு இடம் விட்டார். பட்டாணி அளவில் ஒரு வட்டம், குறுக்கே இரண்டு கோடு, பக்கத்தில் வரிசையாக நாலு பொட்டு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வியாழனா முக்கியம்?

"நான் போன பொறவு மறுபடி மணிய மாத்தி வச்சிருவியா?" என்று முதுகுப் பக்கமிருந்து கேட்டார்.

"மாட்டேன்." திரும்பாமலே சொன்னேன். திரும்பினால் சொல்ல வராது. "இத்தன வருசம் நான் ஒங்க நேரத்துல இருந்துட்டேன். இனி நீங்க இங்கன வாங்க மச்சான். கான்ட்ராக்டப் புதுப்பிக்காண்டாம்."

பின்னால் அவர் லேப்டாப்பை மூடுகிற சத்தம் கேட்டது.

"வந்தா இங்கன எனக்கு என்னளா வேல?"

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. எனக்கு இருந்த பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் அதை ஒளித்து வைத்துக்கொண்டு லீவு பூராவும் ஓடியிருக்கிறோம்.

"தெரியாது. ஆனா நீங்க இல்லாம எனக்கு இங்கன ஒரு வேலையும் ஓடல" என்றேன்.

அவர் கேபிளைச் சுருட்டினார், பெட்டியை அடுக்கினார், விடியுமுன் கிளம்பிப் போய்விட்டார். வாசலில் நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

மறுநாள் போன் வந்தது.

"புதுப்பிக்கலன்னு சொல்லிட்டேன்ளா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பயமா இருக்கு" என்றார்.

"எனக்கும்தான். வாங்க" என்றேன்.